சாய்வெழுத்து

பக்கத்துக்குப் பதினோரு ரூபாய்.
பிழை எத்தனை இருந்தாலும் அதே பதினோரு ரூபாய்.
சியால்தா பக்கம், மழை வலுத்தால்
முதல் இரண்டு படிகள் மூழ்கிவிடும் பதிப்பகத்தில்
மெய்ப்புப் பார்க்கிறவள் நான்.
மேசைக் கண்ணாடிக்கு அடியில்
டீக்கறை படிந்த விதித்தாள்.
ஏழாவது விதி:
அந்நியச் சொற்களைச் சாய்வெழுத்தில் இடுக.

போன மழைக்கு வந்தது லியூ மெய்ஃபாங்கின் நாவல்.
டாங்ராவில் ஒரு சாஸ் கடை மாடியிலிருந்து
கையால் எழுதிய நானூறு பக்கம்.
வங்காளம். என் அண்ணனுடையதைவிடச்
சுத்தமான வங்காளம்.
ர எழுத்தின் அடிப்புள்ளி
ஓரிடத்திலும் தவறவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் அவள் அப்பா
மாகும் ஊரில், அறுபத்திரண்டு நவம்பரில்,
யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலுக்குச் சட்டம் அடிக்கிறார்.
வாயில் நாலு ஆணி.
கீழே நின்று போலீஸ் கேட்கிறது:
நீ எந்த நாடு?
ஆணிகளோடு எப்படிப் பதில் சொல்வது?
ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்புகிறார்,
எண்ணிப் பார்க்கிறார்,
ஐந்தாவது எங்கே என்று
ஏணிக்கடியில் தேடுகிறார்.
அதற்குள் வண்டி வந்துவிடுகிறது.

ஏழு நாள் ரயில். ராஜஸ்தான் மணலில் முகாம்.
அரைவேக்காட்டுச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து
அம்மா கூப்பிடுகிறாள்: சித் ஃபான்.
சாப்பிட வா என்பதற்கு ஹக்கா மொழியில் அதுதான்.
நான் அதன் கீழ் கோடு போட்டு
ஓரத்தில் எழுதினேன்: சாய்க்க.

மெய்ஃபாங் போனில் சிரித்தாள்.
"அம்மா நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள்.
எதற்கும் உங்கள் விதிப்படி செய்யுங்கள்.
ஆனால் முழுசாகச் செய்யுங்கள்."

முழுசாக.
அன்றிரவு மின்சாரம் இல்லை.
மெழுகுவத்தி வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன்.
ஜானாலா: போர்ச்சுகல். சாய்க்க.
சாபி, பால்தி, ஆல்மாரி, எல்லாம் அதே கப்பல்.
அவர் வாயிலிருந்த பெரேக்கும்
லிஸ்பனில் அடித்த ஆணிதான்.
காகோஜ் பாரசீகம். கோலோம் அரபு.
தோகான், ஆயின், ஆதாலத்
(சட்டமும் நீதிமன்றமும் கூட ஐயா, சாய்க்க).
சர்க்கரையில் கை நின்றது.
சினி.
நாங்கள் நாளைக்கு நாலு தடவை
டீயில் கரைத்துக் குடிக்கும் சீனா.
டீ மட்டும் எந்த ஊராம்?

விடியும்போது பக்கங்கள்
காற்றடித்த நெல் வயல் மாதிரி கிடந்தன.
நிமிர்ந்து நின்றவை
மிச்சச் சொச்சம்:
வினைச்சொற்கள், பிரதிப்பெயர்கள்,
ஆறுகளின் பெயர்கள்.

பவதோஷ் பாபு கண்ணாடியைக் கழற்றினார்.
பக்கம் புரட்டினார்.
"வேலையை விடப்போகிறாயா?"
"இல்லை."
இன்னும் பத்துப் பக்கம் புரட்டினார்.
பிறகு பையனைக் கூப்பிட்டு
"ரெண்டு சா, சினி கம்மி" என்றார்.
சொன்னதும் அவருக்கே உறைத்திருக்க வேண்டும்,
காது சிவந்தது.
ஏழாவது விதியை அவர் அடிக்கவில்லை.
அதன்மேல் டீ கிளாஸை வைத்தார், அவ்வளவுதான்.
இந்த ஒரு புத்தகத்துக்கு எல்லாமே நேராக, என்றார்.
அடுத்த புத்தகம் பற்றி
நானும் கேட்கவில்லை.

அச்சாகி வந்தது.
நூற்றுப்பதினெட்டாம் பக்கத்தில் ஒரு சொல்
சாய்ந்தே கிடந்தது.
என் கோடு அல்ல, சத்தியமாக.
அச்சகத்தில் யாருடைய கையோ,
இல்லை, கணினியின் கிறுக்கோ.
முகாமிலிருந்து விடுவிக்கும்போது அப்பாவிடம் நீட்டுகிற தாள்,
அதில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம்,
கட்டத்தின் தலைப்பு: நாகோரிக். குடிமகன்.
சமஸ்கிருதத்திலிருந்து நேரே வந்த,
அப்பழுக்கில்லாத, உள்ளூர்ச் சொல்.

இரண்டாம் பதிப்புக்குப் பிழைதிருத்தம் கேட்டார்கள்.
பதினான்கு பிழைகள் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.
அதை மட்டும்
கொடுக்கவில்லை.